சிலையின் பக்கத்து இடம்

1967 மே மாதத்தில் கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை ஒட்டிய நகராட்சிப் பூங்காவில் ஒரு சிமெண்ட் சிலை வைக்கப்பட்டது. அதைச் செய்தவள் என் மகள். சென்னையில் சிற்பம் படித்தவள். அவ்வாண்டு நவம்பரில் அவள் மூளைக் காய்ச்சலால் இறந்தாள். 1968 ஆடி மாதத்தில் சிலைக்கு முதன்முறையாக மஞ்சள் பூசப்பட்டது. அக்டோபரில் அதைச் சுற்றி இரும்புக் கிராதி போட நகராட்சி எண்ணியது. மாதக் கடைசிக்குள் என் கருத்தைத் தெரிவிக்கும்படி ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து கேட்டுக்கொண்டார்.

சிலை என்பது ஒரு நீண்ட பெஞ்சும் அதன் வலது பாதியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணும். பேருந்துக்குக் காத்திருக்கும் சாதாரணப் பெண். மடியில் துணி மூட்டை. பார்வை பெங்களூர் சாலையை நோக்கி. பெஞ்சின் இடது பாதி காலி. ஏன் பாதியை விட்டுவிட்டாய் என்று மகளிடம் கேட்டேன். “யாராவது வந்து பக்கத்துல உட்கார்ந்தாத்தான்பா வேலை முடியும். தினம் ஒரு ஆள் முடிச்சு வைப்பாங்க” என்றாள்.

அவள் சொன்னபடியே நடந்தது. ஹோசூர் பக்கம் போகும் லாரிகளின் கிளீனர்கள் அங்கே உட்கார்ந்து பீடி குடித்தார்கள். வேர்க்கடலை விற்பவர் கூடையை அந்தப் பெண்ணின் முழங்காலில் சாய்த்து வைத்துவிட்டுச் சில்லறை கொடுத்தார். மகள் இறந்த பிறகு, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நான் எதிர்ப் பெஞ்சில் அமர்ந்து அவர்களைப் பார்ப்பேன். என் மனைவி பூங்காப் பக்கம் வருவதில்லை.

ஆடியில் யாரோ அந்த மூட்டையைத் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டார்கள். மஞ்சளுக்குப் பின் குங்குமம் வந்தது; குங்குமத்துக்குப் பின் எலுமிச்சை மாலை. ‘பஸ் ஸ்டாண்டு அம்மா’ என்று பெயரும் நிலைத்தது. காலியாக இருந்த இடத்தில் ஓர் அகல் விளக்கு ஏறியது. அன்றிலிருந்து அங்கே ஒருவரும் அமரவில்லை. மஞ்சளும் மாலையும் என்னை அவ்வளவாக வருத்தவில்லை. அந்த இடம் அடைபட்டதுதான் வருத்தியது.

அதிகாரி மரியாதையாகவே பேசினார்.

“கிராதி போட்டா சிலைக்கும் பாதுகாப்பு சார், கும்பிடறவங்களுக்கும் திருப்தி. வேணாம்னா சொல்லுங்க, சுத்தமா கழுவி எங்க ஆபீஸ் வாசல்ல வெச்சிடறோம்.”

கிராதிக்குள்ளே எவரும் அமர முடியாது. அலுவலக வாசலில் எவரும் அமர மாட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்ப் பெஞ்சுக்குப் போகாமல் நேரே சிலையிடம் போனேன். பக்கத்தில் புல்தரையில் இரண்டு பெண்கள் பேருந்துக்குக் காத்திருந்தார்கள்: வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாமியார், கைக்குழந்தையோடு நின்றிருந்த அவர் மருமகள். நான் விளக்கை எடுத்தேன்.

“அய்யா, அய்யா! வெளக்க எங்க தூக்கினு போறீங்கோ?”

“ஒதுக்கி வைக்கிறேன் அம்மா. உட்கார வேண்டும்.”

“சாமி பக்கத்துலயா? நல்லா இருக்குது கதை! அத்தனை பெஞ்சு காலியா கெடக்குதே, கண்ணு தெரியலயா?”

“இது சாமி இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒரு பெண். மடியில் இருப்பது துணி மூட்டை.”

அவர் மருமகளிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

“மூட்டையா? அப்ப இவ கையில இருக்கறதும் மூட்டைதான். முன்னாடி ரெண்டு தங்கலீங்க. இது வயித்துல இருக்கும்போது எங்க ஊரு பேரிகையிலிருந்து வந்து இந்தம்மாகிட்டதான் வேண்டிக்கினோம். இப்ப பாருங்க, மூட்டை மூத்திரம் போவுது.”

நான் பல ஆண்டுகள் கல்லூரியில் தர்க்கவியல் கற்பித்தவன். அந்த வாதத்தில் பிழை எங்கே என்று தேடினேன். விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“காத்திருக்கிற பொம்பளைன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்கோ?”

“செய்தவள் சொன்னாள்.”

“செஞ்சது பொம்பளையா?”

“என் மகள்.”

“எங்க இருக்குது அந்தப் பொண்ணு?”

“போன வருஷம் தவறிவிட்டாள்.”

அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். என் கையிலிருந்த விளக்கை வாங்கிச் சிலையின் காலடியில், தரையில் வைத்தார். பெஞ்சில் வழிந்திருந்த எண்ணெயை முந்தானையால் துடைத்தார்.

“செருப்பக் கழட்டிட்டு உக்காருங்கோ” என்றார்.

நாங்கள் புராட்டஸ்டண்டுக் குடும்பம். இறந்தவர் படத்துக்கு மாலை போடும் வழக்கம்கூட எங்களுக்கு இல்லை. என் மகளின் படத்துக்கும் போடவில்லை. ஓர் உருவத்தின் முன் காலணியைக் கழற்றுவது எங்கள் போதகருக்கு உவப்பாக இராது. ஆராதனைக்கென்று அணிந்த பூட்ஸின் கயிறுகளைக் குனிந்து அவிழ்க்கச் சற்று நேரம் பிடித்தது. அந்த அம்மாள் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு நான் உட்கார்ந்தேன். சிமெண்ட் வெயிலில் சூடேறியிருந்தது.

“நீயும் உக்காருடி. எவ்ளோ நேரம்தான் புள்ளைய வெச்சினு நிப்பே? அதைச் செஞ்ச பொண்ணோட அப்பாவே உக்காந்துட்டாரு.”

மருமகள் தயங்கினாள். பிறகு செருப்பை உதறிவிட்டு எனக்கும் சிலைக்கும் நடுவில் ஒடுங்கி அமர்ந்தாள். குழந்தை தூங்கியது. ஹோசூர் பேருந்தின் ஹாரன் கேட்டதும் இருவரும் சொல்லிக்கொள்ளாமலே ஓடினார்கள்.

சிறிது நேரத்தில் டிரங்குப் பெட்டியோடு ஓர் இளைஞர் வந்தார். பெஞ்சில் காலி இடத்தையும் சிலையின் குங்குமத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்க உக்காரலாமா சார்?”

“உட்காரலாம். செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்” என்றேன்.

அவர் அப்படியே செய்தார்.

இன்னும் செய்யாதவை:

நகராட்சிக்கு எழுத வேண்டும். கிராதி வேண்டாம், சிலையை இடம் மாற்றவும் வேண்டாம்.

விளக்குக்குத் தரையில் ஒரு சிறு மாடம் கட்டித் தரும்படி அதே கடிதத்தில் கேட்க வேண்டும்.

பெஞ்சின் ஓரத்தில் பெயர்ந்த சிமெண்டைப் பூச ஆள் பார்க்க வேண்டும்.

என் மனைவியை ஒருமுறை அழைத்து வர வேண்டும்.