மூன்றாம் கேள்விக்கு ஹேரிமின் பதில்

அந்த ஆண்டு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காதவர்களில் பாங் ஹேரிமும் ஒருத்தி. பள்ளி மதிலில் தொங்கிய பதாகையில் சியோல் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களின் பெயர்கள் இருந்தன. அதன் கீழாகத்தான் தினமும் நடந்து வந்தாள். "மழைக்கு ஒதுங்க வசதியா இருக்குடீ" என்பாள். இடம் கிடைக்காதவர்கள் நிறைவு விழாவுக்குத் தலைகாட்டுவதில்லை. அவள் வந்தாள்.

அவளுடைய ஞானஸ்நானப் பெயர் பெர்பெத்துவா. பள்ளி ஒலிபரப்பு அறையில் மூன்று வருடமாக அவள்தான் வாசிப்பவள். பொத்தான்கள் என் பொறுப்பு. மதியம் என்ன சூப், யாருடைய குடை தொலைந்தது என்பதையெல்லாம் போர்ச் செய்திபோல வாசிப்பாள். பள்ளி வாசலுக்கு எதிரே அவள் அம்மாவின் தொடுகறிக் கடை.

மறைக்கல்வி எடுத்த சிஸ்டர் பிளாந்தினா ஒவ்வொரு ஆண்டும் விடைபெறுகிறவர்களுக்கு மூன்று கேள்விகள் கொடுப்பார். இந்தப் பள்ளியில் நீ பெற்றது எது? இந்த ஆண்டு உலகில் நடந்தவற்றில் உன்னால் கடந்துபோக முடியாதது எது? அதற்காக நீ என்ன செய்வாய்? பதில்களைப் பெயரில்லாமல் பள்ளித் தாழ்வாரச் சுவரில் ஒட்டுவோம். பிடித்ததற்கு ஆளுக்கொரு வட்ட ஸ்டிக்கர். அதிகம் வாங்கிய பதிலை எழுதியவள் விழாவில் வாசிப்பாள்.

அந்த ஜனவரியில் டியூஷன் சென்டர் ஒன்று மூன்று கேள்விகளுக்கும் மாதிரி விடை அச்சடித்துக் கொடுத்துவிட்டது. தாழ்வாரம் முழுக்கக் கொரோனா, பைபிளில் வரும் 'உலகுக்கு உப்பு, உலகுக்கு ஒளி'. எல்லோரும் மருத்துவப் பணியாளர்களுக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தோம். ஹேரிமும்தான்.

"எல்லாரையும் ஒரே அம்மா பெத்த மாதிரி இருக்கே. பாவம், பிரசவம் எவ்வளவு கஷ்டப்பட்டுச்சோ" என்றார் சிஸ்டர்.

ஸ்டிக்கரில் வென்றவள் தாக் சோஜின். பதாகையில் முதல் பெயரும் அவளுடையதுதான்.

பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹேரிமின் பங்குக் கோயில் பாடகர் குழுவில் ஜா செங் என்ற மியான்மர்ப் பெண் பாடுவாள்; அந்நாட்டு வடக்கு மலைகளின் கச்சின் இனத்தவள். குளிர்பெட்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊரான மிச்சினாவில் ராணுவத்துக்கு எதிராக ஊர்வலம் போன அவள் தம்பி பிராங் மாயைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஊருக்குத் தொலைபேசி போகவில்லை.

"நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்று கேட்டாள் ஹேரிம்.

"அவன் பேரை எங்கயாவது சத்தமா சொல்லு. பேர் வெளிய தெரிஞ்சவங்களை அடிக்கக் கொஞ்சம் யோசிப்பாங்களாம்."

விழாவில் சொல்வதாக ஹேரிம் வாக்குக் கொடுத்துவிட்டாள். ஆனால் விழாவில் பதில் வாசிக்கும் உரிமை அவளிடம் இல்லை. புதிய பதிலை எழுதிக்கொண்டு சோஜினிடம் போனாள்.

சோஜின் இரண்டு முறை படித்தாள். "என்னுது டியூஷன் சார் எழுதினது. அதுல முற்றுப்புள்ளி மட்டும்தான் என் சொந்தம். நீயே வாசி."

"உங்கம்மா நேரலையில பாப்பாங்களே?"

"பாக்கட்டும். அந்த டியூஷனுக்குப் பணம் கட்டினவங்க அவங்கதானே. கொஞ்சம் அழட்டும்."

துணைத் தலைமையாசிரியர் மா சார் சம்மதிக்க வேண்டும். விழா அன்று காலை இருவரும் அவர் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். என்னையும் இழுத்துப் போனார்கள்.

"சந்தோஷமான நாள்" என்றார் அவர். "பெத்தவங்க பாக்குறாங்க. இந்த அரசியலெல்லாம் வேண்டாம். ஏற்கெனவே தேர்வானதையே வாசிங்க."

சோஜின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஹேரிம் முந்திக்கொண்டாள்.

"சார், எண்பதாம் வருஷம் மே மாசம் நீங்க என்ன படிச்சீங்க?"

எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்களிடம் அதை யாரும் லேசாகக் கேட்பதில்லை. அந்த மே மாதம், மக்களாட்சி கேட்டு எழுந்த எங்கள் குவாங்ஜூவை ராணுவம் சூழ்ந்துகொண்டு தொலைபேசித் தொடர்பைத் துண்டித்தது. உள்ளே செத்தவர்களின் பெயர்கள் வெளியே போகவில்லை.

"நடுநிலைப் பள்ளி, ரெண்டாம் வருஷம்" என்றார் மா சார்.

"அப்ப வெளியூர்ல யாராவது நம்ம பேரைச் சொல்ல மாட்டாங்களான்னு உங்களுக்குத் தோணலையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி முகக்கவசத்துக்கு மேலே கண்களைத் துடைத்துக்கொண்டார். தாளை வாங்கிப் பார்த்தார். "இந்தப் பையன் பேரை எப்படி உச்சரிக்கணும்? தெரியுமா உனக்கு? தப்பாச் சொல்லிடாதே" என்றார்.

கொரோனா காலம் என்பதால் விழா அரங்கில் நடக்கவில்லை; ஒலிபரப்பு அறையிலிருந்தே வகுப்புகளுக்கும் இணைய நேரலைக்கும் போனது. அவரவர் வகுப்பில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டோம் என்றுதான் மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஒலிபரப்பு அறையில் இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேரிம் செய்திக் குரலில் தொடங்கவில்லை. சாதாரணமாகப் பேசினாள்.

"ரெண்டாம் கேள்விக்கு என் பதில் ஒரு பேரு. பிராங் மாய். பத்தொன்பது வயசு. மிச்சினாவில பிடிச்சுட்டுப் போயிருக்காங்க. மூணாம் கேள்விக்கு என் பதில், நிறைவு விழா அன்னிக்கு எல்லாரும் வீட்டோட போய்ச் சாப்பிடுற கறுப்பு நூடுல்ஸை இன்னிக்கு மத்தியானம் நான் சாப்பிடப் போகல. எங்கம்மா கடையில சோத்து உருண்டை பிடிச்சு, சதுக்கத்துல அந்த ராணுவத்துக்கு எதிரா நிக்கிற மியான்மர்க்காரங்களுக்குக் கொண்டுபோறேன். எண்பதுல நம்ம சந்தை அம்மாக்கள் போராடின நம்மாளுங்களுக்குப் பிடிச்ச அதே உருண்டை. வர்றவங்க வரலாம். அஞ்சு பேர் ஒண்ணாக் கூடத் தடை இருக்கு. அதனால நாலு பேரா வாங்க."

வகுப்புகளில் என்ன நடக்கிறது என்பது அந்த அறைக்குள் எங்களுக்குக் கேட்காது. பொத்தானை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். மேல்மாடியிலிருந்து மேசைகளைத் தட்டும் சத்தம் இறங்கி வந்தது. வகுப்புக்கு வகுப்பு கூடிக்கொண்டே போனது.

பூங்கொத்தோடு வாசலில் காத்திருந்த அப்பாக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "நூடுல்ஸ் ஓட்டல்ல மேசை சொல்லி வச்சிருக்கேன்மா" என்றார் ஒருவர். "நூடுல்ஸ் எங்கயும் ஓடாதுப்பா. பூவைப் பிடிங்க" என்று பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு அவர் மகள் கடைக்குள் போனாள். ஹேரிமின் அம்மா அண்டாவில் நல்லெண்ணெயும் பொடித்த கடற்பாசியும் கொட்டிச் சோற்றைக் கிளறினார். "பெரிசாப் பிடிங்கடீ. காக்காய்க்கா வைக்கிறீங்க?" என்று அதட்டினார். சோஜின் பிடித்தவை மட்டும் கோணலாக இருந்தன.

முதல் நால்வரில் ஹேரிம், சோஜின், நான், சிஸ்டர் பிளாந்தினா. சதுக்கத்தில் ஒரு காவலர் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"நாலு பேர்தானே?"

"நாலே பேர்தான்" என்றார் சிஸ்டர்.

"பின்னாடி வர்றவங்க?"

"அவங்களும் நாலு பேர்தான்."

காவலர் எட்டிப் பார்த்தார். நால்வர் நால்வராக, நடுவில் இடைவெளி விட்டு, பள்ளிச் சீருடைகள் தெருமுனை வரைக்கும் தெரிந்தன. அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

ஜா செங் கைபேசியில் விழாவைக் கேட்டிருந்தாள். தம்பியின் படம் ஒட்டிய அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தாள். முதல் நால்வர் அவள் முன்னாலிருந்த பெட்டியில் உருண்டைகளை வைத்துவிட்டு "பிராங் மாய்" என்றோம். அடுத்த நால்வர் வைத்துவிட்டு அதையே சொன்னார்கள். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. பெட்டி நிறைந்து, இன்னொரு பெட்டி வந்து, அதுவும் நிறைந்தது. ஜா செங் அட்டையைத் தலைக்கு மேலே உயர்த்தினாள். வரிசையின் கடைசி நால்வர் அப்போதுதான் பள்ளி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.