டாக்டர் வண்டியின் மூன்றாவது கியர்

டாக்டர் இறந்த அன்று அவர் வீட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆனால் அதற்கு முன்பே என் கண் வீட்டின் வலப்பக்கத்து ஷெட்டுக்குப் போய்விட்டது. அங்கே அவருடைய வெள்ளைக் கார் உறை போட்டு மூடிக் கிடந்தது. உறையின் ஓரம் காற்றில் தூக்கியதில் முன்சக்கரம் மட்டும் தெரிந்தது. மாலை போட்டுவிட்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒருவர் என் தோளைத் தொட்டு, "மனசத் தேத்துங்க" என்றார். நான் நினைத்துக்கொண்டிருந்ததை அவரிடம் சொல்ல முடியாது. அந்த வண்டிக்குள் இருக்கும் கியர்பெட்டி என்னுடையது. டாக்டர் போய்விட்டார், இனி அதை யாரிடம் போய் நிரூபிப்பது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடியப்பட்டணத்தில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதோ நான் பள்ளிக்கூடத்தை விட்டேனோ, இரண்டும் ஒன்றுதான். படகு இன்ஜின் கழுவுகிற வேலையில் தொடங்கி, பழைய இன்ஜின் வாங்கிச் சரிசெய்து விற்று, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். இன்றைக்கு இந்தக் கரையில் என் கையால் இன்ஜின் வாங்காத படகுக்காரனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான். யாரும் தூக்கிவிட்டு நான் ஏறவில்லை. பழைய இன்ஜின் வியாபாரத்தில் ஒரு முறை உண்டு. விற்க வந்தவனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் உஷாராகிவிடுவான். ஆயிலை விரலில் தொட்டுப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், போல்ட்டுத் தலையில் புதிதாக ஸ்பானர் விழுந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாய் திறக்காமல் பார்த்துப் பார்த்தே நான் முதலாளி ஆனேன். அந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான் பார்த்தேன் என்று என் மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

கார் வந்தது நாற்பது வயதுக்கு மேல். நம் நாட்டில் கொஞ்ச காலம் மட்டுமே விற்ற ஒரு பெட்ரோல் கார் அது. கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். பார்ப்பதற்குச் சாதாரணக் குடும்ப வண்டி போல இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதன் குணமே வேறு. ராலிப் பந்தயம் ஓட்டுகிற பையன்கள் இன்றும் அதைத் தேடி அலைகிறார்கள். நான் வாங்கியபோதே அது பழைய வண்டிதான். உப்புக்காற்று தின்ற தரைத்தகடுகளை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்துக் கட்டினேன். சைலன்சரைக் கழற்றி அகலமான குழாய் போட்டேன். காற்று உள்ளே போகிற வழியை மாற்றினேன். இப்போது வருகிற பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து நாசமாக்குகிறது என்பதால் அவற்றை ஒன்றுவிடாமல் மாற்றினேன். மாவட்டத்தில் இப்படி இன்னொரு வண்டி இல்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தபோதுதான், நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டரிடம் அதே மாடல், அதே வெள்ளை நிறத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தேன். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கி வண்டியைத் தரையோடு தாழ்த்தி வைத்திருந்தார். அது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை, ஏனென்றால் நன்றாக இருந்தது.

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சர்ச்சில் முதல் பூசை முடித்துவிட்டு வருவேன். அவர் வடசேரியில் காத்திருப்பார். இரண்டு வண்டியும் பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறும். வயல் முடிந்து ரப்பர் தோட்டம் தொடங்குகிற இடத்தில் ரோடு வளைந்து வளைந்து போகும். அங்கேதான் வண்டியின் உண்மை தெரியும். அந்த ஏற்றத்தில் மூன்றாவது கியர்தான் எல்லாம். தொடக்கத்தில் அங்கே நான்தான் முன்னால். டாக்டர் வண்டியில் மூன்றாவது கியர் விழுந்தால் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். மேலே போய் நின்று தேயிலைத்தண்ணீர் குடிக்கும்போது நான் விடமாட்டேன்.

"என்ன டாக்டரே, உம்ம வண்டி அழுதுகிட்டே ஏறுகு? பல்லுவலியா?"

"ஆமா வேய். ஊருக்கெல்லாம் பல்லு பாக்கேன், எனக்க வண்டிக்குப் பாக்க ஆளில்ல."

படித்தவர், பெரிய வீட்டுப் பிள்ளை. என்னை "வேய்" என்று சரிசமமாகக் கூப்பிட்ட ஒரே டாக்டர் அவர்தான். அதுவே எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. காரியம் இல்லாமல் ஒரு டாக்டர் இப்படிப் பழகுவாரா?

இரண்டு வண்டிக்கும் ஒரே மேஸ்திரி, பார்வதிபுரத்தில் பட்டறை வைத்திருந்தவர். ஒரு மழைக்காலத்தில் இரண்டு கியர்பெட்டியிலும் கியர் விழும்போது கறகறவென்று உரசியது. உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்திருந்தன. அந்த வளையங்கள் எளிதில் கிடைக்காது. கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லி வைத்து, இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே பார்சலில் வரவழைத்தோம். அதனால் இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் இறக்கினார் மேஸ்திரி. என் வண்டியைத் திறந்தால் திரும்ப மூடுகிற வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையமாட்டேன். இது ஊருக்கே தெரியும். போதாததற்கு என் பொருள் எல்லாவற்றிலும் குறி போட்டு வைப்பேன். எங்கள் கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. துடுப்பிலும் கட்டுமரத்திலும் வெட்டி வைப்பார்கள், மாறிப் போகாமலிருக்க. எங்கள் வீட்டுக் குறி ஒரு கோடும் மூன்று புள்ளியும். கியர்பெட்டியில் அதை இன்ஜினோடு சேருகிற வாயின் உள்பக்கம் பஞ்ச் உளியால் அடித்திருந்தேன். பெட்டியைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

பெட்டிகள் இரண்டும் பிரிந்து கிடந்த அன்றுதான் போன் வந்தது. கடலுக்குப் போன என் தம்பியின் படகு திரும்பவில்லை. காற்று மாறி அடிக்கிறது என்றார்கள். டாக்டர் அப்போது பட்டறையில்தான் இருந்தார். "வாரும்" என்று சொல்லித் தன் மனைவியின் காரில் என்னை ஏற்றிக் கடியப்பட்டணத்துக்குக் கொண்டுபோனார். அன்று கிளினிக்கைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சிகரெட்டைத் தொடாத மனிதர், நான் பற்றவைத்துக் கொடுத்ததை வாங்கி இருமி இருமி இழுத்தார். என் தாய் ஒப்பாரி எடுத்தபோது எழுந்து போய், "அம்மா, படகு வரும், இப்பமே அழாதீங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் மதியம் தம்பி வந்து சேர்ந்தான். இன்ஜின் நின்றுபோய் தெற்கே ஒதுங்கியிருக்கிறான். அது என் கடை இன்ஜின் இல்லை என்பதை அந்த அழுகைக்கு நடுவிலும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் பட்டறைக்குத் திரும்பியபோது இரண்டு வண்டியும் பூட்டித் தயாராக நின்றன.

அடுத்த ஞாயிறு கீரிப்பாறை ஏற்றத்தில் மூன்றாவது கியர் போட்டேன். என் வண்டி ஊளையிட்டது. அதுவரை இல்லாத சத்தம். டாக்டர் வண்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. மேலே போனதும் அவர் சிரித்தார்: "என்ன வேய் முதலாளி, பல்லுவலி உம்ம வண்டிக்கு மாறிட்டா? கிளினிக்குக்குக் கொண்டு வாரும், புடுங்கித் தாரேன்." மேஸ்திரியிடம் போனேன். "புது வளையம் மொதலாளி, ஓட ஓடச் செரியாவும்" என்றார். ஓடியும் சரியாகவில்லை. பிறகு ஒரு வருடம் கழித்துக் கிளட்ச் பிளேட் மாற்ற என் பெட்டியை இறக்கியபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். குறி இல்லை. "தேஞ்சு போயிருக்கும்" என்றார் மேஸ்திரி. அலுமினியத்தில் பஞ்ச் உளியால் அடித்த குறி தேய்வதா? சரி என்று தலையாட்டினேன்.

அன்றிலிருந்து நான் பார்க்கத் தொடங்கினேன். டாக்டர் வண்டி ரிவர்ஸ் எடுக்கும்போது சத்தத்தைக் கேட்பேன். குனிந்து டயர் பார்ப்பது போல அடிப்பக்கம் பார்ப்பேன். மேஸ்திரியும் அவரும் பேசிக்கொண்டிருக்கையில் நான் போனால் பேச்சு நிற்கிறதா என்று கவனிப்பேன். சில நேரம் நின்றது. பழையதை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். கடற்கரையில் இரண்டு நாள் கூடவே உட்கார்ந்திருந்தது எதற்கு? நான் பட்டறைக்குத் திரும்பி வராமல் பார்த்துக்கொள்ளத்தானோ? இப்படி நினைப்பது நன்றாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஆனால் நினைப்பு வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியாது. அதே நேரம் ஒரு ஞாயிறும் நான் போகாமல் இருந்ததில்லை. என் மகள் பிரசவத்துக்கு ரத்தம் கொடுத்தவர் அவர். அவர் மகன் வெளிநாடு போனபோது விமான நிலையத்துக்கு வண்டி ஓட்டியவன் நான். ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்றுகொண்டே அவர் திருடனா இல்லையா என்று யோசித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வருடங்கள் அப்படியே போயின. அவருக்கு ஈரலில் நோய் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன், வந்தேன். பிறகு அந்த வெள்ளைக் காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த அந்த நாள்.

சடங்குகள் எல்லாம் முடிந்தபின் அவர் மனைவி ஆள் விட்டிருந்தார். வண்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். நானே எடுத்துக்கொண்டேன். மேஸ்திரியை என் ஷெட்டுக்கு வரவழைத்து, "பெட்டிய எறக்கும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்தார். பெட்டி தரைக்கு வந்ததும் நான் துணியால் அந்த வாயைத் துடைத்தேன். ஒரு கோடு, மூன்று புள்ளி. எங்கள் வீட்டுக் குறி.

"பாத்தீரா?" என்றேன். இத்தனை வருடம் கழித்து என் கணக்கு சரியாக வந்திருந்தது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரிப்பு வரவில்லை.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாந்தான் மொதலாளி மாத்திப் பூட்டிட்டேன். ரெண்டையும் டீசல்ல கழுவி ஒண்ணா வச்சிருந்தேன், தெரியாம மாறிப் போச்சு. டாக்டர் வண்டிக்குக் கிளட்ச் மாத்தும்போதுதான் குறியப் பாத்தேன்."

"டாக்டரு பாத்தாரா?"

"அவருதான் மொதல்ல பாத்தாரு. 'இது கடியப்பட்டணத்துல பாத்த குறியில்லா'ன்னாரு. இப்பமே கொண்டு குடுத்திருவோம்னு நான் சொன்னேன். 'சும்மா கெடக்கட்டும். அவரு நேரா ஒரு வார்த்த கேக்கட்டும், அன்னைக்கே கழத்திக் குடுப்போம்'னாரு. நீங்க கேப்பிய கேப்பியன்னு பாத்துக்கிட்டே இருந்தாரு."

"நல்லாக் கட்டுதீரு கத" என்றேன். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. தன் தப்பை அவர் தலையில் பாதி ஏற்றிவிட இதைவிட வசதியான நேரம் மேஸ்திரிக்குக் கிடைக்காது. "பெட்டிய உங்க வண்டிக்கு மாத்திரட்டா?" என்று கேட்டார். பொறும் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் புறப்பட்டேன்.

டாக்டர் வீட்டில் உட்கார்ந்து, வழக்கம் போல, எதையும் கேட்காமல் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் உங்ககிட்டக் கேக்கணும்னு இருந்தேன். ஆஸ்பத்திரியில அவரப் பாக்க வந்தியல்லா? நீங்க போன பொறவு அவரு சிரிச்சாரு. அந்த நெலமையிலயும் சிரிப்பு. 'இன்னைக்கும் கேக்கல்ல பாத்தியா'ன்னாரு. எதக் கேக்கல்லன்னு நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், சொல்லல்ல. அது என்னது?"

காப்பியைக் கீழே வைத்தேன். மேஸ்திரி பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அங்கே பார்த்துக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அவருக்குப் பதில் வேண்டும், அவ்வளவுதான்.

"டாக்டர் வண்டியில கெடந்தது எனக்க கியர்பெட்டி" என்றேன். "அதத்தான் கேக்கல்ல."

அவர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இதுதானா? கேட்டிருந்தா தந்திருப்பாரே அண்ணாச்சி."

"தெரியும்" என்றேன். அந்த நிமிடம் வரை எனக்கு அது தெரியாது.