வராதவள் என்று எழுதப்பட்ட என் தங்கை

என் தங்கை வீட்டில் வாய் ஓயாதவள். ஆறு வயதில், யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் மீனை ஏலம் கூறி விற்பவரைப் போலவே குரலெடுத்து விலை கூவுவாள். அப்பா பொத்திக்கொண்டிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார். அதே பிள்ளை பள்ளிக்கூடப் படலையைத் தாண்டினால் ஒரு சொல் பேசமாட்டாள். தாகமெடுத்தாலும் தண்ணீர் கேட்கமாட்டாள். யாராவது பெயர் கேட்டால் நிலத்தைப் பார்ப்பாள். கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும்.

அவளுடைய வகுப்பு ரீச்சர் அதைத் திமிர் என்றார். காலையில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது அவள் வாய் திறந்து ‘வந்தேன்’ என்று சொல்லாததால், முன்வரிசை வாங்கில் இருந்தவளுக்கு நாள்தோறும் ‘வரவில்லை’ என்று அடையாளம் போட்டார். இது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள், ஐந்தாம் வகுப்பில் இருந்த என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

“உன்ரை தங்கச்சியைக் கதைக்கப் பண்ணு. கதைக்காமல் இண்டைக்கு வீட்டை போகேலாது.”

வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கம். “வந்தேன் எண்டு சொல்லடி,” என்றேன். சொல்லவில்லை. அவளுடைய கையில் நகம் பதியக் கிள்ளினேன். அவள் அழவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். ரீச்சர் அடிமட்டத்தால் நிலத்தைக் காட்டி, “துடை,” என்றார். அவள் தன் சட்டை விளிம்பால் துடைத்தாள். நான் அவளோடு சேர்ந்து குனியவில்லை. என் வகுப்புக்குத் திரும்பிப் போய்க் கணக்குச் செய்தேன். அந்தக் கணக்குச் செய்தவளை நான் இன்றும் மன்னிக்கவில்லை.

அன்று மாலையிலிருந்து அவள் என்னோடும் பேசவில்லை. அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பாள், நான் உள்ளே வந்தால் பேச்சுப் பாதியில் நின்றுவிடும்.

தவணை முடிவில் றிப்போட் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்தேன். பள்ளிக்கு வந்த நாட்கள்: பூச்சியம். அம்மா இரண்டுதரம் வாசிக்கச் சொன்னார். தினமும் தலை இழுத்துப் பின்னி, சட்டை தோய்த்து அனுப்பியவர் அவர். அடுத்த தவணை முதல் நாள் எங்களோடு அவரும் வந்தார்.

“என்ரை பிள்ளை ஒருநாளும் வரேல்லையோ ரீச்சர்?”

“வாய் திறந்து சொன்னால்தான் வந்த கணக்கு.”

“உங்களுக்குக் கண் இல்லையோ?”

“ஊமைப் பிள்ளையை இஞ்சை ஏன் கொண்டந்து விடுறியள்?”

“ஊமை இல்லை. வீட்டிலை வந்து கேளுங்கோ. உங்களைக் கண்டால்தான் பிள்ளைக்குத் தொண்டை அடைக்குது.”

சத்தம் கேட்டு வந்த பெரிய ரீச்சர், மீன்காரர் பள்ளிக்கூடத்தில் மரியாதையாகக் கதைக்க வேண்டும் என்றார். பிள்ளையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதன் பிறகு தங்கை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. படிப்பு அவளுக்கு ஏழு வயதில் முடிந்தது.

நான் என் புத்தகங்களை அவள் பாயருகே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசிப்பது அறைக்கு வெளியே கேட்கும். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, மாரியில், “அக்கா, உடுப்பு நனையுது, எடு,” என்றாள். கொடியில் கிடந்த உடுப்பை மறந்து நான் மழையில் நின்று அழுதேன்.

பிறகு நானும் ஆசிரியையானேன். பயிற்சிக் கலாசாலையில் ஒரு விரிவுரையாளர், வீட்டில் பேசி வெளியில் வாயடைத்துப்போகும் பிள்ளைகள் உண்டு, அது பிடிவாதமல்ல, பயம், வற்புறுத்தினால் இன்னும் இறுகும் என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். இவ்வளவுதானா? ஒரு வகுப்பில் சொல்லி முடிக்கக்கூடிய இந்த விஷயத்துக்காகவா அவள் படிப்பு போனது?

எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அந்த ரீச்சரைக் கண்டேன். நரைத்திருந்தார். அன்பாகவே கேட்டார்:

“உன்ரை ஊமைத் தங்கச்சி எப்பிடி இருக்கிறாள்?”

“அவளுக்கு இரண்டு பிள்ளையள். நல்லாக் கதைக்கிறாள்,” என்றேன். “ஊமை எண்டு இனிச் சொல்லாதேங்கோ. நீங்கள் ஒரு பிள்ளையின்ரை படிப்பைக் கெடுத்தனீங்கள்.”

“நான் நன்மைக்குத்தானே செய்தனான்,” என்றார்.

என் பஸ் வந்தது. ஏறிவிட்டேன். இறங்கிப் போய் இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.