மூவாரில் ஓர் இரவு: விலக்கு நாளில் பிள்ளையோடு வெளியூர் தங்குகிறவர்களுக்கு

என் மகள் போய் ஒரு வருடம் ஆகிறது. முதல் வருடத் திதியை மூவாரில், அவள் புகுந்த வீட்டார் கொடுத்தார்கள். அதற்காகக் கடந்த பள்ளி விடுமுறையில் நானும் என் பேத்தியும் ரெங்கத்திலிருந்து கிளம்பினோம். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் அப்பா மூவாரில் நாற்காலி ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அம்மா போனதிலிருந்து பிள்ளை என்னிடம்தான். நான் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஃபோனில் தமிழ் தட்ட எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதை எழுதலாமா என்று பேத்தியிடம் கேட்டேன். “எழுதுங்க பாட்டி, பேர மட்டும் போட்டுறாதீங்க” என்றாள்.

ரெங்கத்திலிருந்து மூவார் நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். எங்கள் தாமான் குடியிருப்பில் வாடகைக்குக் கார் ஓட்டும் சேகரை, இரவு அங்கேயே தங்குவதற்கும் சேர்த்து, முந்நூறு வெள்ளி கூலிக்குப் பேசினேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம்.

ஆயர் ஈத்தாம் தாண்டுவதற்குள் பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காதில் சொன்னாள், “பாட்டி, வந்துருச்சு.” நாள் இன்னும் இருந்தது. அழுது அழுது உடம்பு கணக்கு தப்பிவிட்டது போல.

“சேகரு, எங்கயாச்சும் கடைப் பக்கம் நிப்பாட்டுப்பா” என்றேன்.

“என்னம்மா, பசியா? இப்பதானே சாப்பிட்டோம் சொன்னீங்க?”

“பொம்பளைங்க விஷயம்பா.”

 அவன் மருந்துக்கடை வாசலிலேயே நிறுத்தினான். நாங்கள் வருவதற்குள் மூன்று பாக்கெட்டில் சூடாக மைலோ கட்டி வாங்கி வைத்திருந்தான். “எனக்கும் மூணு பொண்ணும்மா” என்றான்.

கடையில் இரவுக்கென்று தனியாக, பின்பக்கம் அகலமாக விரியும் நீளமான பேட் இருக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். பகலில் வைக்கும் சிறியது படுத்தால் பின்னால் கசிந்துவிடும்.

மூவார் வீட்டில் மாப்பிள்ளையின் அக்கா எங்களை நன்றாகத்தான் வரவேற்றாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது. பேத்திக்கு இஞ்சித் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள். அதே கையோடு பின்கட்டு அடுப்படி ஓரத்தில் ஒரு பாயையும் விரித்தாள்.

“கோவிச்சுக்காதீங்க அத்த. சாமிப் படம் இருக்கிற வீடு. நாளைக்கு ஆத்தங்கரைக்கும் பாப்பா வர முடியாதுலா, தீட்டு. ஐயர் ஒத்துக்க மாட்டாரு.”

“அவளப் பெத்தவளுக்குத்தாம்மா திதி.”

“தெரியும் அத்த. நான் என்ன செய்ய?”

அம்மாவுக்காகத் தன் கையால் ஆற்றில் பூ விட வேண்டும் என்றுதான் பிள்ளை இவ்வளவு தூரம் வந்தது. போய்ப் பாயில் உட்கார்ந்தாள். படுக்கச் சொன்னால் படுக்கவில்லை. “கறை பட்டுருச்சுன்னா பாட்டி? அடுத்தவங்க வீடு.”

நான் செய்ததைச் சொல்கிறேன். படுக்கப் போகுமுன் பேட்டை மாற்றி, இறுக்கமான ஜட்டியும் அதன் மேல் கறுப்பு அரைக்கால் சட்டையும் போடச் சொன்னேன். கருநிறக் கைலி ஒன்றை நான்காக மடித்து இடுப்புக்கு அடியில் போட்டேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி அடிவயிற்றில் வைத்தேன். வெறும் பாட்டிலை வைக்காதீர்கள், தோல் வெந்துவிடும். முழங்காலை மடக்கி ஒருக்களித்துப் படுத்தால் வலி கொஞ்சம் அடங்கும்.

“அம்மா ராத்திரி ஒரு தடவ எழுப்பி விடுவாங்க” என்றாள்.

“நான் எழுப்புறேன். நீ தூங்கு.”

எழுப்பத் தேவை இருக்கவில்லை. எப்போது பார்த்தாலும் கண் திறந்தேதான் கிடந்தாள். காலையில் கைலியில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

விடியும் நேரம் சேகர் எங்களை ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொண்டுபோனான். காரை ரோட்டைப் பார்த்து நிறுத்தினான். ஆறு எங்கள் முதுகுப் பக்கம். மாப்பிள்ளை வந்து கண்ணாடி ஓரம் நின்றார். “வாங்க அத்த. பாப்பா கார்லயே இருக்கட்டும்.” மகளைப் பார்க்காமலே சொன்னார்.

“போங்க பாட்டி. அம்மாவுக்கு நீங்களாச்சும் வேணும்ல” என்றாள் பேத்தி.

ஒரு காலை வெளியே வைத்தேன். திரும்ப உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அசைந்தால் விழித்துக்கொள்வாள். பின்னால் மந்திரம் கேட்டது. என் மகளுக்குப் பூ விட்டதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். நாள் இல்லாவிட்டாலும் இரவு பேட், கருநிறக் கைலி, மாற்று உடுப்பு, சுற்றிப் போட பழைய பேப்பர், பிளாஸ்டிக் பை எல்லாம் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்தால் யோசிக்காமல் கிளினிக் போங்கள். தங்கும் வீட்டில் பிள்ளை எங்கே படுப்பாள், குளியலறை எவ்வளவு தூரம் என்று முன்னாலேயே கேளுங்கள்.

அடுத்த திதிக்கு எந்த நாளாக இருந்தாலும் பிள்ளை ஆற்றங்கரைக்கு வருவாள் என்று மாப்பிள்ளைக்கு ஃபோனில் சொல்லிவிட்டேன். “ஐயர் என்ன சொல்வாரோ அத்த” என்று இழுத்தார். “யோசிக்க அவருக்கு ஒரு வருசம் இருக்குல்ல” என்றேன்.

பேத்தி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஃபோனை வைத்த பிறகு, “அம்மாவுக்கு என்ன பூ பாட்டி பிடிக்கும்?” என்றாள்.

சாமந்தி என்றேன். அவள் அம்மாவைப் பெற்றவள் நான். அது சரிதானா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.