பெயர் எழுதாத கேன்

பள்ளிக்கூடச் சமையற்காரி வெல்டாவுக்குக் கடவுளைவிடப் பள்ளத்தாக்கிடம்தான் பயம் அதிகம். வருஷா வருஷம் அதில் நடந்து இறங்கி ஏறுகிற அவளையும் கணவன் கிளைடையும் அந்தப் பயம்தான் இத்தனை காலமாக உயிரோடு மேலே கொண்டுவந்து சேர்த்தது. யாரும் செப்பனிடாத செங்குத்துப் பாதை. அடியில் ஆறு, அங்கே நிரப்பிக்கொள்ளும் தண்ணீர் பாதி ஏற்றத்துக்குத்தான் காணும். அதனால் இறங்கும்போதே பாதி வழியில், ஒற்றை ஜூனிப்பர் மரத்தடியில், ஒரு கேன் தண்ணீரைப் பெயர் எழுதிக் கற்களால் மூடி வைப்பார்கள். அடுத்தவர் வைத்ததை, நாக்கு வறண்டாலும் தொடக்கூடாது. "அது தண்ணி இல்ல, இன்னொருத்தன் உசுரு" என்று கிளைடின் மண்டையில் ஏற்றியதே வெல்டாதான்.

இந்த வருஷம் முழங்கால் அவள் காலை வாரிவிட்டது. அவள் மேலே வண்டியில் தங்கிவிட, கிளைட் தானே மூட்டை கட்டினான். "நொண்டிக்கிட்டே பாடம் எடுக்காத, கிழவி. எனக்குத் தெரியாததா?" என்று சிரித்துவிட்டு இறங்கினான்.

வெகுநேரம் கழித்து, சால்வை எடுக்க சீட்டுக்குப் பின்னால் கைவிட்டபோது, அவன் மரத்தடியில் வைக்க வேண்டிய கேன் தட்டுப்பட்டது. அங்கே போனும் எடுக்காது. மரம் வரை இறங்கி வேறு பக்கம் திரும்பிப் போகிற ஒரு பெண் வந்தாள். அவளைக் கெஞ்சி, கேனை மரத்தடியில் வைக்கச் சொல்லி அனுப்பினாள். தெய்வமாகப் பார்த்து அனுப்பிய பிள்ளை என்று நிம்மதியாக உட்கார்ந்தாள். அந்தப் பெண் கண்ணில் இருந்து மறைந்த பிறகுதான், கேனில் பெயர் எழுதாதது உறைத்தது. கடையில் எல்லோரும் வாங்குகிற அதே வெள்ளைக் கேன். கிளைடோ, தன்னுடையதை மறந்துவிட்டோம் என்று போகும்போதே அந்த மரத்தடியில் தெரிந்துகொண்டிருப்பான்.

ராத்திரி ஆற்றங்கரையில் தங்கிவிட்டு ஏறிவந்தவன், மறுநாள் வெயில் ஏறியபின் தொலைநோக்கியில் தெரிந்தான். நாலடிக்கு ஒருமுறை நின்றான். மரத்தடியில் கற்களை விலக்கிக் கேனைத் தூக்கினான்.

"குடிடா, உன்னுதுதான்டா" என்று வெல்டா கத்தினாள். குரல் பாறையைத் தாண்டவில்லை. நொண்டிக்கொண்டே போய் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தாள்.

கிளைட் நிமிர்ந்து பார்த்தான். சீக்கிரம் வரச் சொல்கிறாள் என்று நினைத்தானோ என்னவோ, தொப்பியைக் கழற்றி மெதுவாக ஆட்டினான். பிறகு கேனைத் திருப்பித் திருப்பிப் பெயர் தேடினான். காணாமல், இருந்த இடத்திலேயே வைத்து, வெயில் படாதபடி ஒவ்வொரு கல்லாக அடுக்கி மூடினான்.

அப்படித்தான் மூட வேண்டும் என்றும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.