பட்டி வைத்து மூடிய நம்பர்

ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அதற்குச் சீட்டு இல்லை, பானெட் இல்லை, சக்கரம் மூன்றுதான். எஞ்சின் தனியாகப் பின்னால் ஒரு டெம்போவில் வந்தது. நிக்டியில் எங்கள் தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. “பேப்பர் எல்லாம் பக்காவா இருக்கு,” என்றார் என் கணவர், பெருமை தாங்காமல்.

“பேப்பர் மட்டுந்தான் இருக்கு,” என்றேன் நான்.

அன்றிலிருந்து இரண்டு வருஷம் என் வாயில் ஒரே மந்திரம்தான்: “இதத் தூக்கி பங்கார்ல போடுங்க.” இங்கே மராட்டியில் பழைய இரும்புக்கு அதுதான் பெயர். பழைய இரும்பு வாங்குகிறவன் தள்ளுவண்டியோடு தெருவில் வந்தால் அவன் காதில் விழும்படியே சொல்வேன். மனுஷன் கண்டுகொண்டால்தானே! தளேகாவில் ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வந்ததும், வைத்த டீ ஆறிப்போகும், அவர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். எனக்கு ஏதாவது பேசவேண்டுமென்றால் அவருடைய இரண்டு பாதங்களைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

ஒரு நாள் கடுப்பில், “அப்படி என்னதான் இருக்கு அங்க?” என்று குனிந்து பார்த்தேன். “அந்த ஸ்பேனர எடு,” என்றார். எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். பேங்க் வேலை முடிந்து வந்து நைட்டியோடு உப்புத்தாள் பிடித்துத் துரு தேய்க்கிற அளவுக்கு ஆகிவிட்டது. எஞ்சின் முதல்முறை உறுமிய ஞாயிற்றுக்கிழமை, கையில் தோசைக்கரண்டியோடு ஓடிவந்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மராட்டி அம்மா என்னமோ ஏதோவென்று வெளியே வந்துவிட்டாள். ஆனாலும் மந்திரத்தை நான் விடவில்லை. நமக்கும் கெத்து என்று ஒன்று இருக்கிறதே.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. இரும்பில் சின்னக் குழி தெரிந்தாலும் தாங்காது. துரு அரித்த இடமெல்லாம் பட்டிப் பசையை அப்பிக் குழியை மூடி, தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் ராணுவப் பச்சை அடித்தார். எந்த இடத்தில் தடவினாலும் வழவழவென்று இருந்தது. எனக்கே கர்வமாக இருந்தது.

அவ்வளவு பழைய வண்டி ரோட்டில் ஓட வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ.வில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இரண்டு பேருமாகக் கொண்டுபோனோம். அங்கே இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், ஹாரனை இரண்டு தடவை ஆசையாக அடித்துப் பார்த்தார். பிறகு சேஸி நம்பரைக் கேட்டார். சேஸி என்கிற அடிச்சட்டத்து இரும்பில் குத்தியிருக்கும் எண் அது. மேலே காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காகிதத்தில் விழும். தேய்த்தார். ஒன்றும் விழவில்லை. மறுபடி தேய்த்தார். வெறும் கறுப்புதான்.

என் கணவர் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது.

“துருக் குழின்னு நெனச்சு அதுலயும் பட்டி வச்சுட்டேன்ளா,” என்றார் என்னிடம் மெல்ல.

அட கடவுளே!

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. “நம்பர் இல்லன்னா வண்டியே இல்ல மேடம்,” என்றார் மராட்டியில். “பங்கார்தான்.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! “எத பங்கார்ங்கறீங்க?” என்று ஹிந்தியில் ஆரம்பித்து, மராட்டிக்குத் தாவி, கடைசியில் சுத்தத் திருநெல்வேலித் தமிழில் போய் நின்றேன். இவர் முதுகு போன கதை, என் நகம் தேய்ந்த கதை, ஒன்று விடவில்லை. அந்த வண்டியைப் பங்கார் என்று சொல்ல இந்த ஊரில் எனக்கு ஒருத்திக்குத்தான் உரிமை. தமிழ் எந்த அளவு புரிந்ததோ, மனிதர் சிரித்துவிட்டார். “சரி தாயீ, நான் சாப்பிடப் போறதுக்குள்ள நம்பரக் காட்டுங்க,” என்று எண் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

தின்னரும் துணியும் வண்டியிலேயே இருந்தன. கீறல் விழுந்தால் துடைத்துப் பூச அவர் எப்போதும் வைத்திருப்பார். ஆனால் பெயிண்ட்டைச் சுரண்ட அவருக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு ஊசி போடும்போது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைக் கழற்றினேன். தின்னரை ஊற்றி ஊறவைத்து, பட்டியைக் குத்திக் குத்தி எடுத்தேன். பொடி உதிர்ந்தது, வேறொன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒரு வளைவு தெரிந்தது.

“அஞ்சு,” என்றேன்.

திரும்பிவிட்டார். “அஞ்சா? ஏளா, அஞ்சேதான்!” ஆர்.சி. புத்தகத்தை விரித்துக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டார். நான் ஒவ்வொன்றாகத் தோண்ட, அவர் ஒவ்வொன்றாகக் கத்த, வரிசையில் நின்ற டிரைவர்களெல்லாம் கூடி அவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். கடைசி எண்ணும் வந்தபோது கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டர் புதுக் காகிதம் வைத்துத் தேய்த்தார். முழுசாக விழுந்தது. சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹாரனை இன்னொரு தடவை அடித்துவிட்டுப் போனார்.

என் கணவர் சேஸியில் கை வைத்தபடி குலுங்கிக் குலுங்கி அழுதார். சந்தோஷம்தான். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம்கூட இல்லை. அந்த நிலையில் அவரை ஓட்டவிட முடியுமா?

“சாவியக் குடுங்க.”

“நீயா? கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.”

“உங்கள வச்சுச் சமாளிக்கலையா? ஏறுங்க.”

கடகடவென்று கிளம்பியது. காற்று முகத்தில் அறைந்து, கூந்தல் அவிழ்ந்து, என் சத்தம் எனக்கே கேட்காமல் நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். நிக்டி வந்தது. நான் திரும்பவில்லை. தளேகாவ் போகிற சாலை நேரே கிடந்தது.

“ஏளா, வீடு அந்தப் பக்கம்,” என்றார்.

“அது எங்கயும் போயிராது,” என்று சொல்லிவிட்டு அடுத்த கியரைப் போட்டேன்.