ரெஜினாவின் மோதிர விரல்

முதலில் டிவியைத்தான் சந்தேகப்பட்டேன். செய்தி வாசிப்பவரின் முகம் கலங்கித் தெரிந்தது. திரையைத் துடைத்தேன். கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். பழுது என் கண்ணில் இருந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து நீரிழிவு என்றார்கள். அடுத்த வாரமே கொரோனாவுக்காக நாட்டையே வீட்டுக்குள் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருடம் நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டியவன் நான். சுவா சூ காங் வீட்டில் சோபாவிலிருந்து குளிர்பெட்டி வரைதான் நடை.

என் மனைவி ரெஜினா எங்கள் தேவாலயப் பாடகர் குழுவை அடக்கி ஆள்பவள். குழு கூடுவது நின்றதும் அந்த அதிகாரம் முழுவதும் என் தட்டின்மேல் இறங்கியது. சோறு ஒரு சின்னக் கிண்ணம், மிச்சமெல்லாம் கீரை. எனக்குத் துணையாக அவளும் அதையே சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் அவளுடைய ரவிக்கைகள் தொளதொளத்தன. ஓயாமல் தண்ணீர் குடித்தாள்.

“கட்டுப்பாடுன்னா இதாங்க. என்னையப் பாருங்க” என்பாள்.

திங்கட்கிழமைதோறும் ஒரு நர்ஸ் போன் செய்து, குளுக்கோமீட்டர் (விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரையைக் காட்டும் கருவி) காட்டிய எண்களைக் கேட்பார். ஒரு ஞாயிறு, ஆன்லைன் பூசையில் ரெஜினா கண்மூடியிருந்த நேரம், ஸ்டோர் ரூமில் நின்றபடி காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்ந்த ஜாம்) தடவிய ரொட்டி நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எண் எடுத்தாக வேண்டும்.

“ரெஜி, இந்த மெஷின் சரியில்லன்னு நெனைக்கிறேன். நல்ல ரத்தத்துல ஒரு தடவ பாத்தா தெரிஞ்சிடும்.”

‘நல்ல ரத்தம்’ வேலை செய்தது. மோதிர விரலைப் பெருமையாக நீட்டினாள். புது ஊசி மாட்டிக் குத்தினேன். சிங்கப்பூர்க் கணக்கில் சரியான அளவான ஐந்தோ ஆறோ வரும், அதை என்னுடையதாக எழுதிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

பத்தொன்பது வந்தது.

“மெஷின் நெசமாவே ரிப்பேர் லா!” என்று கத்தினேன். என் பொய் பலித்துவிட்டதாகவே நினைத்தேன். சோப்புப் போட்டுக் கைகழுவச் சொல்லி வேறு விரலில் குத்தினேன். மறுபடியும் பத்தொன்பது. என் விரலில் பதினொன்று. ரொட்டி தின்ற பிறகும் நானே மேல். ஒரு விஷயத்தில் அவளை முந்துவது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நர்ஸிடம் ரொட்டி, விரல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

“அங்கிள், உங்கள அப்புறம் திட்டுறேன். ஆன்ட்டிய இப்பவே கூட்டிட்டு வாங்க” என்றார்.

“மெலிஞ்சது டயட்னால இல்ல. சாப்பிட்ட சர்க்கரை ஒடம்புல சேராம வெளிய போயிட்டிருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஆபத்து” என்றார் டாக்டர். இன்சுலின் (சர்க்கரையை உடல் பயன்படுத்த உதவும் சுரப்பு) ஊசியாகத் தந்தார்கள்.

டாக்சியில் வீடு திரும்பி லிஃப்டில் ஏறியதும் ரெஜினா சொன்னாள். “தெனமும் ஜெபமாலைல உங்க சுகருக்காக வேண்டிக்கிட்டேன். ஒரு தடவகூட என்னையச் சேத்துக்கல.”

முதல் ஊசியை நான்தான் போட்டேன். பட்டென்று குத்திவிட்டேன். “சேலைக்குப் பின்னு குத்துறாப்புலயா குத்துறது?” என்று அவள் அதட்டியபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

இதைப் படிக்கும் நீங்களும் அந்தக் கருவியை வைத்திருந்தால், உங்களைக் கவனித்துக்கொள்பவரின் விரலையும் ஒருமுறை பாருங்கள். ஊசியை மாற்ற மறக்காதீர்கள். ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை.

இப்போது எங்களுக்குக் காலை, மாலை கிடையாது. சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அவ்வளவுதான். தினமும் ஒருவர் பாதத்தை ஒருவர் புண் இருக்கிறதா என்று பார்க்கிறோம். முப்பத்தொரு வருடத்தில் அவள் உள்ளங்காலை நான் பார்த்ததே இல்லை. இடது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. சொன்னேன், நம்பவில்லை. போனில் படம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.